ஊர் பார்க்க வந்தவர்கள்

பலேர்மோவுக்கு ஒரு வார இறுதியில் வந்து போவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என்னால் யோசிக்காமல் சொல்ல முடியும். இது பழைய அரசர்களின் தலைநகர். வடக்கே இருந்து வந்த அரசர்கள் அரபுத் தச்சர்களைப் பிடித்துக் கூரை செய்வித்து, கிரேக்கக் கைகளைப் பிடித்துச் சுவரெல்லாம் பொன் பதித்த சிறு கோயில் ஒன்று அரண்மனைக்குள் இருக்கிறது. பங்குனி மாதத்திலேயே வெயில் வந்துவிடும். கடலையும் மலையையும் ஒரே நாளில் பார்க்கலாம். கடலைமாவைத் தட்டையாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தெருவிலேயே தருவார்கள், எங்கள் வாய்க்கும் பிடிக்கும். எந்த இடத்துக்கும் நடந்து போகலாம். போகமுடியாத இடத்துக்கு பஸ் இருக்கிறது.

இவற்றையெல்லாம் லண்டனில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்காகத்தான் பாடமாக்கினேன். அவர்கள் வந்த காரணம் இதில் எதுவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா யாழ்ப்பாணத்தில் சந்தையில் மூட்டை தூக்கியவர். அண்ணை அரிச்சுவடி தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் நின்று, அப்பாவுக்குப் பக்கத்தில் மூட்டை தூக்கப் போனார். பிறகு எப்படியோ இத்தாலிக்கு வந்து சேர்ந்து, பலேர்மோவில் வயதுபோன ஒரு வக்கீலின் வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் நின்று, அந்த உழைப்பில் என்னைப் படிப்பித்தார். எனக்குப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. கிடைத்த பிறகு பல்கலைக்கழகம் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது. என் வயதுப் பெடியன்கள் ஒவ்வொருவராக வகுப்பில் இல்லாமல் போனார்கள். அண்ணை என்னையும் இங்கே எடுத்துவிட்டார்.

காலையில் நகரத்தின் நடுவே பொலிதேயாமாப் பக்கம் மாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவுவேன். பின்னேரத்தில் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில், ஆங்கிலம் தெரியும் என்பதால், வருகிற ஃபாக்ஸ்களைப் படித்துச் சொல்லும் வேலை. இங்கேயே படிக்கலாம் என்று நினைத்து என் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொண்டு கந்தோர் கந்தோராக ஏறினேன். எல்லா முத்திரையும் இருந்தாலும் ஒரு முத்திரை எப்போதும் குறைந்தது. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், மாடிப்படி கழுவுவதற்கு இதெல்லாம் தேவையில்லையே என்றாள். அவள் பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு உதவிசெய்வதாக நினைத்துச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணியின் சித்தி லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் பேசினார். தகப்பன் தபால் கந்தோரில் வேலை. ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு படிக்கிறாள். எல்லோரிடமும் பிரிட்டிஷ் பாஸ்போட் இருந்தது. அது சரிவந்தால் நான் லண்டன் போகலாம், ஆங்கிலத்தில் படிக்கலாம், விட்ட இடத்தில் இருந்து தொடங்கலாம். கலியாணம் என்று நான் அதை நினைத்ததைவிடப் பள்ளிக்கூடம் என்று நினைத்ததுதான் அதிகம். அண்ணையும் அப்படித்தான் நினைத்தார். தான் தூக்கிய மூட்டைகள் எல்லாம் எங்கேயோ ஓரிடத்தில் போய் இறங்கவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

இத்தாலியில் தங்க மட்டும் விடும் என் பெர்மெசோவை வைத்துக்கொண்டு லண்டனுக்கு விசா எடுப்பது நடக்காத காரியம். அவர்கள்தான் வரவேண்டும். ஆனால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய் மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று நாளைக்கு ஒருவர் வாயில் வரக்கூடாது. ஊரில் என்றால் ஏதாவது ஒரு கோயில் வீதியில் தற்செயலாகச் சந்தித்தமாதிரிச் சந்திப்பார்கள். இங்கே கோயில் வீதிக்குப் பதிலாக ஒரு நகரமே தேவைப்பட்டது. ஆகவே அவர்கள் மூன்று நாள் விடுமுறையில் பலேர்மோ பார்க்க வருகிறார்கள், அங்கே தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான், அவன் ஊரைக் காட்டுவான். அப்படித்தான் சித்தி ஒழுங்கு செய்தார். விஷயத்தை அவர்கள் வாயெடுக்கும்வரை நாங்கள் எடுக்கக்கூடாது.

"அவை ஊர் பாக்க வருகினம். நீ ஊரைக் காட்டு. வேற ஒண்டும் கதையாதை," என்றார் அண்ணை.

நான் ஊரைக் காட்டத் தயாரானேன். படி கழுவும் வீடொன்றில் ஒரு சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைத் தந்தார். அட்டை இல்லாத புத்தகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கொண்டு நான் மட்டும் சுற்றினேன். எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் கோயிலில் காவல்காரன் சிடுசிடுப்பான், எந்தச் சந்தில் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பார்கள் என்பது வரைக்கும் பார்த்துவைத்தேன். அதுவரை அந்த நகரத்தை நான் படிப்படியாகக் கழுவித்தான் பார்த்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அழகான நகரம். அந்தச் சில வாரங்களில் எனக்கு அதில் ஒரு விருப்பம் வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். தகப்பன், தாய், மகள். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் இறங்கினார்கள். தகப்பன் நல்ல மனுசன் என்றுதான் சொல்லவேண்டும். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். படி கழுவுகிறேன் என்றதும் அவர் முகம் சுளிக்கவில்லை.

"நானும் வந்த புதுசிலை பெற்றோல் ஷெட்டிலை நிண்டவன்தான் தம்பி. குளிரிலை விரல் மடங்காது. வேலையிலை என்ன இருக்கு," என்றார்.

தாய் அதிகம் கதைக்கவில்லை. பார்த்தார். என் சப்பாத்தைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நான் கோப்பியில் எத்தனை கரண்டி சீனி போடுகிறேன் என்று பார்த்தார். மகள் ஜன்னலுக்கு வெளியே நேப்பிள்ஸ் போகும் கப்பல் வெளிக்கிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இவ்வளவு பெரிய கப்பல் சத்தமில்லாமல் போகிறதே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அந்தக் கப்பலின் நேரம், பெயர், சரக்கு எல்லாம் தெரியும். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை அண்ணைக்கு வேலை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் இந்த ஊரில் லீவு. ஆகவே நான் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். அரண்மனைக் கோயிலுக்குள் போனதும் தகப்பன் தொப்பியைக் கழற்றினார், தாய் செருப்பைக் கழற்றப் பார்த்தார். வேண்டாம் அன்ரி, இஞ்சை கழட்டத் தேவையில்லை என்று சொன்னேன். ஆனாலும் கடைசிவரை அவர் கால் கூசியபடியேதான் நடந்தார். கூரையில் அரபுத் தச்சன் செதுக்கிய ஆட்டக்காரிகளையும் ஒட்டகங்களையும் காட்டினேன். கிறிஸ்தவக் கோயிலின் கூரையில் முஸ்லிம் வேலைக்காரன் தன் ஊரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று விளக்கினேன். மகள் கழுத்தை மடக்கி நெடுநேரம் பார்த்தாள். தகப்பன் வீடியோ கமராவைச் சுவர் முழுக்க ஒருமுறை ஓட்டிவிட்டு, மாஃபியாக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்டார். வெளியே வந்ததும் ஒரு நீதிபதியின் வீட்டு வாசலில் மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு நின்ற சிப்பாயைக் காட்டினேன்.

"உதுக்குத்தானே ஊரை விட்டு வந்தனாங்கள். இஞ்சையும் ஆமியோ," என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தாய்கூடச் சிரித்தார். அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பினேன்.

அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு அரபுப் பெயர் கொண்ட ஒரு பழைய அரண்மனைக்குப் போனோம். அங்கே ஒரு கல் இருக்கிறது. ஒரு பாதிரியார், எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன்னால், தன் தாய் செத்ததை நான்கு விதமான எழுத்தில் வெட்டுவித்திருக்கிறார். ஊரில் எந்த எழுத்து வாசிக்கிறவன் வந்தாலும் விளங்கட்டும் என்று. தாயும் தகப்பனும் வெளியே நிழலில் இருந்துவிட்டார்கள். நானும் அவளும் அந்தக் கல்லுக்கு முன்னால் தனியே நின்றோம். அவர்கள் வேண்டுமென்றே விட்டிருக்கலாம். நான் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அவள் இடையில் மறித்தாள்.

"லண்டனுக்கு வந்தா என்ன படிப்பீங்கள்?"

பொறியியல் என்றேன். பாலம் கட்டுவது பற்றி என்றேன். வயது போய்விட்டதென்று யோசிக்கவில்லையா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நின்று கேட்கிறவள். அப்படியான ஆட்கள் குறைவு. பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்:

"நீங்கள் நல்லா விளங்கப்படுத்துறீங்கள். ஆனா அம்மா உதொண்டையும் பாக்க வரேல்லை. அவா உங்கட வீட்டைப் பாக்க வந்தவா. ஒரு குசினியைப் பாத்தா அந்தச் சனத்தைப் பற்றி எல்லாம் தெரியுமெண்டு சொல்லுவா. எப்ப கூப்பிடுவியளெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறா. தாங்களாக் கேக்க மாட்டினம்."

அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. கூப்பிடுவது பெரிய காரியமா. எங்கள் வீட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது.

ஒளிக்க இருந்தது. எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அண்ணையின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் நான் அறியவில்லை.

நாங்கள் பிரான்காச்சோவில் இருந்தோம். நகரத்தின் கிழக்கு ஓரம், மாஃபியாவுக்குப் பேர்போன இடம், அரசாங்கம் கட்டிவிட்டு மறந்துபோன மாடி வீடுகள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் எப்போதோ நின்றுபோய், அதன் குழிக்குள் சனங்கள் குப்பை போட்டார்கள். படிக்கட்டில் சின்னப் பெடியன்கள் ஸ்கூட்டரைப் பிரித்துப் பூட்டுவார்கள். தண்ணீர் ஒருநாள் வரும், மறுநாள் வராது. அதனால் குளியலறையிலும் நடையிலும் பிளாஸ்டிக் பீப்பாய்கள். முன்னறையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, மன்னார்ப் பெடியன்கள் இரண்டுபேர் வாடகைக்குப் படுத்தார்கள். ஆனால் அண்ணி வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பார். சாமித்தட்டில் விளக்கு அணையாது. குசினியில் ஒரு கரிப்பொட்டு இருக்காது. அந்தக் குசினியைப் பார்த்து யாரும் எங்களைக் குறைவாக நினைத்திருக்க முடியாது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை பொழுதுபட அண்ணை வேலையால் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அவையளாக் கேட்டவையோ என்றார். இல்லை, மகள் சொன்னாள் என்றேன். அப்ப பாப்பம் என்றார். நான் விடவில்லை. என்ன பார்க்கிறது, நாளைக்கு மத்தியானம் கூப்பிடுவோம், அண்ணி சமைக்கட்டும் என்றேன்.

"இந்தப் பீப்பாயளையோ காட்டப் போறாய்?" என்றார். "இந்தப் படியாலையோ அந்த மனுசியை ஏத்தப் போறாய்? வக்கீல் வீட்டுச் சிஞ்ஞோரா பிரான்காச்சோ எண்ட சொல்லையே வீட்டுக்கை எடுக்க விடமாட்டா. நான் மூட்டை தூக்கினவன், எனக்கு இது காணும். நீ படிச்சவன். படிச்சவன் இருக்கிற வீடெண்டு இதைக் காட்டேலாது."

அண்ணி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டு இருந்தார். ஞாயிறு காலை நான் எழும்பியபோது கணவாய் துப்புரவாக்கி முடிந்திருந்தது. தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார். அவை மீன், மச்சம் சாப்பிடுவினமோ தெரியாது, மரக்கறியைப் புறம்பான சட்டியில் வைக்கிறேன் என்றார். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, ரசம், கணவாய்க்கறி, பப்படம். மன்னார்ப் பெடியன்களைப் பூசைக்குப் போன கையோடு பொழுதுபட்டால்தான் வரவேண்டும் என்று அனுப்பியிருந்தார். சேலைத் திரையைக் கழற்றித் தோய்த்துக் காயப்போட்டிருந்தார். அண்ணை இதையெல்லாம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று நானும் அண்ணியும் எடுத்துக்கொண்டோம்.

ஞாயிறு அண்ணையும் எங்களோடு வந்தார். வக்கீல் தந்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டார். காலையில் மலைக்குப் போனோம். பலேர்மோவின் மேல் ஒரு மலை இருக்கிறது, அதன் குகைக்குள் நகரத்தைக் காக்கும் புனிதை பொன்னாடை போட்டுக் கண்ணாடிக்குள் படுத்திருப்பார். சுவரெல்லாம் தண்ணீர் சொட்டும். அதைத் தகரப் பீலி வைத்து ஏந்துவார்கள். எங்கள் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடந்தே ஏறுவார்கள். சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பார்ப்பதில்லை, எல்லோருக்கும் அவர் அம்மாதான். பெர்மெசோ புதுப்பிக்கக் கொடுத்தவர்கள், அகதிக் கிளெய்ம் வைத்தவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், எல்லோரும் அங்கேதான் நேர்த்தி வைப்பார்கள். அண்ணை வழக்கம்போல முழங்காலில் இருந்து கும்பிட்டார், பீலித் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார். தாய் என் பக்கம் திரும்பினார். அன்றைக்குத்தான் என்னிடம் அவர் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் வேதமே?"

இல்லை அன்ரி, சைவம், இஞ்சை எல்லாரும் இந்த அம்மாவைக் கும்பிடுறது என்றேன்.

"வீட்டிலை சாமித்தட்டு இருக்கோ?"

ஓம், இருக்கு என்றேன். அத்தோடு நிறுத்த முடியவில்லை. பிரான்காச்சோவில்தான் வீடு, இந்த பஸ் இறங்குகிற இடத்தில் இருந்தே அடுத்த பஸ், மத்தியானம் வந்து பாருங்கோ, அண்ணி சமைக்கிறா என்று சொல்லிவிட்டேன். பிரான்காச்சோவோ, அது எந்தப் பக்கம் என்று தகப்பன் கேட்டார். மலையின் விளிம்பில் நின்று கையை நீட்டிக் காட்டினேன். துறைமுகம், அதற்கு அப்பால் ரெயில் நிலையம், அதற்கும் அப்பால் புகைபோல் தெரியும் மாடிகள். தகப்பன் கமராவை அந்தப் பக்கம் பிடித்து, பெயரை ஒருதரம் எனக்குப் பின்னால் சொல்லிப் பார்த்தார். தாயின் முகம் இளகியது. அவர் மகளின் தலைமயிரை ஒதுக்கிவிட்டார். அண்ணை குகை வாசலில் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு நின்றதால் இது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை.

பொலிதேயாமாவில் பஸ் எங்களை இறக்கியது. நல்ல வெயில். நான் அடுத்த தரிப்பிடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அவர்களும் நடந்தார்கள். அப்போதுதான் அண்ணை பின்னால் நின்று சொன்னார்:

"ஐயா, வீட்டைதான் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு நிண்டனாங்கள். எங்கட பக்கத்து பஸ் எல்லாம் இண்டைக்கு ஷோப்பரோ. ஸ்ட்ரைக். காலமை வரேக்கையே கேள்விப்பட்டனான். இஞ்சை உப்பிடித்தான், சொல்லாமல் கொள்ளாமல் நிப்பாட்டிப் போடுவாங்கள். வாங்கோ, உதிலை நல்ல கடை ஒண்டு இருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தகப்பன், அப்ப ராக்சி பிடிப்பமே என்றார். ஞாயிற்றுக்கிழமை, கிடைக்காது என்றார் அண்ணை. வியர்வை கோட்டின் கழுத்தை நனைத்திருந்தது. அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த பஸ் வந்தது.

அண்ணை பலேர்மோவின் பஸ்களை எல்லாம் இலக்கத்தால் அறிவார். எந்த இலக்கம் எங்கே போகும் என்று கேட்டால் சாரதியைவிட வேகமாகச் சொல்வார். நெற்றிப் பலகையில் ஊரின் பெயரும் எழுதியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் ஒருநாளும் அதை வாசித்ததில்லை. வாசிக்கத் தேவை வரவில்லை. வந்து நிற்கும் பஸ் இவர்களுக்கு ஏதோ ஒரு பஸ் என்றுதான் நினைத்திருப்பார். அதனால் அவர் பதறவுமில்லை, மறைக்கவுமில்லை. பஸ் எங்களுக்கு முன்னால் நின்றது. கதவு திறந்தது. ஒரு கிழவி பூக்கட்டோடு இறங்கினாள். பலகையில் பெரிய எழுத்தில் பிரான்காச்சோ என்று இருந்தது. தாய் அதை வாசித்தார். உதடு அசைந்ததை நான் கண்டேன். தகப்பன் வாசித்தார். மகள் பலகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தக் கதவு எவ்வளவு நேரம் திறந்து நின்றது என்று தெரியவில்லை. ஏறுங்கோ என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் படிப்பித்தவரை, பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறவரை, மூன்று பேருக்கு முன்னால் பொய்யன் ஆக்கவேண்டும். கதவு மூடிக்கொண்டது.

அண்ணை கூட்டிப்போன கடையில் சோற்றை உருண்டையாக்கிப் பொரித்ததைச் சாப்பிட்டோம். நல்ல கடை. தாய் பாதியை வைத்துவிட்டார். அண்ணை அன்றைக்கு நிறையக் கதைத்தார், வக்கீலின் வீட்டைப் பற்றி, அங்கே இருக்கிற பளிங்குத் தரையைப் பற்றி. தகப்பன் ஓம் ஓம் என்றார். மகள் என்னிடம் அந்த நான்கெழுத்துக் கல்லில் இருந்த தாய்க்கு என்ன பெயர் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவளோடு நான் கதைக்கவில்லை, அவளும் என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் காலை அவர்கள் போய்விட்டார்கள்.

அந்த ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அண்ணி வாழையிலைக்குப் பதிலாக வாங்கிவைத்த கடதாசித் தட்டுகளை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு இருந்தார். மன்னார்ப் பெடியன்கள் வந்ததும் எல்லாவற்றையும் அவர்களுக்குப் பரிமாறினார். அவர்கள் இன்றைக்கு என்ன விசேஷம் அக்கா என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டார்கள்.

பதில் சித்தியின் தொலைபேசியில் வந்தது. அண்ணி காதில் வைத்திருந்தாலும் சித்தியின் குரல் அறை முழுக்கக் கேட்கும். பெடியன் தங்கமான பெடியன், நல்ல அறிவு, வேலையைப் பற்றியும் குறை இல்லை என்று தொடங்கினார். பிறகு சொன்னார்:

"ஆனா வீட்டுப் படியை மிதிக்க விடேல்லையாம். இல்லாத ஸ்ட்ரைக் ஒண்டைச் சொல்லி வழியிலையே மறிச்சுப் போட்டினமாம். பஸ் முன்னாலை வந்து நிண்டதாம் பிள்ளை. வந்து இவ்வளவு காலம் இருக்கிற பெடியன், உள்ளுக்கை ஆரை வைச்சிருக்கிறானோ, பிள்ளைகுட்டி இருக்கோ, ஆருக்குத் தெரியும் எண்டு தாய்க்காரி கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

அண்ணி அப்படி ஒன்றும் இல்லை சித்தி, அப்படி ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பீப்பாய்கள்தான் இருந்தன என்று ஒருவரும் லண்டனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். தண்ணீர்ப் பீப்பாய்க்கு வெட்கப்பட்டு யாராவது ஒரு வாழ்க்கையைக் கைவிடுவார்களா. தகப்பன் பெற்றோல் ஷெட்டில் நின்ற காலத்தில் எந்த அறையில் எத்தனை பேரோடு படுத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் திரைச்சேலையைக் கண்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். அந்த வீடு அவருக்குத் தெரிந்த வீடு.

அடுத்துவந்த ஞாயிறுகளில் அண்ணை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். படிக்கட்டின் எங்கள் பக்கத்துச் சுவரையும் அடித்தார். வக்கீல் வீட்டில் கழித்த ஒரு சோபாவை, நானும் மன்னார்ப் பெடியன்களும் பிடிக்க, அத்தனை படியாலும் ஏற்றினோம். பீப்பாய்களுக்கு மூடி வாங்கினார், மூடிக்கு மேல் துணி விரித்தார். யார் வருவார்கள் என்று நினைத்துச் செய்தாரோ தெரியாது. அந்த சோபாவில் நான் பல மாதம் இருக்கவில்லை. நின்றபடியே டீ குடித்தேன். அவர் அதைக் கவனித்தார். எங்கள் இரண்டுபேருக்கும் இடையில் அதுதான் கதை.

லண்டன் கதவு அத்தோடு பூட்டியது. வேறு இரண்டு சம்பந்தம் சித்தி தேடிப் பார்த்தார். லண்டன் பெரிய நகரம், எங்கள் சனத்துக்குள் சின்ன நகரம். அந்தப் பெடியனோ, வீட்டைக் காட்டாத பெடியன் என்று முதலே அறிந்திருந்தார்கள். நான் படி கழுவினேன், ஃபாக்ஸ் படித்தேன். அட்டையில்லாத புத்தகத்தைச் சிஞ்ஞோராவிடம் திருப்பிக் கொடுத்தேன். பிரயோசனப்பட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்தத் தகப்பன். குரலில் அதே நல்ல மனுசன். சுகம் கேட்டார், வேலை கேட்டார். மகளுக்குக் கனடாவில் சரிவந்துவிட்டது என்றார், ஆவணியில் கலியாணம். சந்தோஷம் ஐயா என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"எங்கட கந்தோரிலை ஒரு வெள்ளைக்காரன், பெரியவன், எனக்கு மேலை உள்ளவன். மனுசியோடை மூண்டு நாளைக்கு எங்கையாவது போகவேணுமாம், பழைய தலைநகர் ஏதாவது. நான் சொன்னனான், பலேர்மோவுக்குப் போங்கோ, அங்கை எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், அவனை மாதிரிக் காட்ட ஆளில்லை எண்டு. அந்த வீடியோவை நாங்கள் இப்பவும் ஆக்களுக்குப் போட்டுக் காட்டுறனாங்கள் தம்பி. உம்மட குரலும் அதிலை இருக்கு. கொஞ்சம் கூட்டிக்கொண்டு திரிவீரே?"

அண்ணை சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருந்தார். பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்பது தலையைத் திருப்பாமலே தெரிந்தது. அண்ணி குசினியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருந்தார், அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள்.

"ஓம் ஐயா, காட்டலாம்," என்றேன். "வரச் சொல்லுங்கோ. அரண்மனை, மலை, எல்லாம் காட்டுறன். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு எங்கட வீட்டை. அண்ணி சமைப்பா. பொலிதேயாமாவிலை ஏறினாக் காணும், பலகையிலை பேர் எழுதியிருக்கும்."

மறுபக்கத்தில் யாரோ பின்னால் ஆர் என்று கேட்பதும், அவர் ரிசீவரைக் கையால் பொத்துவதும் கேட்டது.

"பாப்பம் தம்பி," என்றார். "அவைக்கு வீட்டை வர நேரம் இருக்குமோ தெரியாது. மூண்டு நாள்தானே."